ஃப்ரீமேசன் லாட்ஜில் சேர விரும்புகிறவருக்கு

சென்னை மெரினா கடற்கரைச் சாலையில் வெள்ளைத் தூண்களோடு நிற்கும் தமிழ்நாடு காவல்துறைத் தலைமையகத்தைப் பார்க்காத சென்னைவாசி இருக்க முடியாது. 1839இல் எழுந்தபோது அந்தக் கட்டடத்துக்கும் காவல்துறைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ‘பெர்ஃபெக்ட் யுனானிமிட்டி’ என்ற ஃப்ரீமேசன் லாட்ஜ் தன் கூட்டங்களுக்காகக் கட்டிக்கொண்ட மண்டபம் அது. 1865இல் காவல்துறை அங்கே வாடகைக்குக் குடிவந்தது. 1874இல் 20,000 ரூபாய் கொடுத்து விலைக்கே வாங்கியது. எழும்பூர் எத்திராஜ் சாலையில் 1920களில் கட்டிய ஃப்ரீமேசன் மண்டபம் இன்றும் இயங்குகிறது. கூட்டம் உள்ள மாலைகளில் கறுப்புக் கோட்டும் டையுமாக, கையில் ஒரு தட்டைப் பெட்டியோடு ஆட்கள் உள்ளே போவார்கள். அந்தப் பெட்டிக்குள் இருப்பது ஒரு ஏப்ரன். கல் உடைக்கும் தொழிலாளி இடுப்பில் கட்டிக்கொள்ளும் தோல் ஆடையின் வழிவந்தது அது.

ரோட்டரியும் லயன்ஸும் தகுதியானவர் என்று நினைப்பவரைத் தாமாகவே அழைத்துச் சேர்த்துக்கொள்ளும். ஃப்ரீமேசன் லாட்ஜின் மரபு வேறு. சேர விரும்புகிறவர்தான் போய்க் கேட்க வேண்டும். அதனால்தான் ஆர்வம் இருந்தும் யாரிடம் கேட்பது, என்ன கேட்பது என்று தெரியாமல் பலர் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். வேறு சிலர் ஏதோ செல்வாக்குக் கிடைக்கும் என்று நம்பிப் போய் ஏமாற்றத்தோடு திரும்புகிறார்கள். இந்த அத்தியாயம் இரு சாராருக்கும் உதவும். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தச் சங்கத்தில் பலன் பெறுபவர்கள் தங்களைத் திருத்திக்கொள்ளச் சம்மதித்துப் போனவர்கள் மட்டுமே.

எங்கிருந்து வந்தது

ஐரோப்பாவில் கோட்டைகளையும் தேவாலயங்களையும் கல்லால் எழுப்பிய கொத்தர்கள் தங்களுக்குள் ‘லாட்ஜ்’ என்ற அமைப்புகள் வைத்திருந்தார்கள். தொழில் நுணுக்கத்தைக் காப்பது, பழகவரும் பையன்களைச் சேர்ப்பது, கூலியில் ஒழுங்கு வைப்பது, உடம்பு முடியாதவர் குடும்பத்தைத் தாங்குவது எல்லாம் அவற்றின் வேலை. ஸ்காட்லாந்தின் எடின்பரோ லாட்ஜில் 1599 முதலான கூட்டக் குறிப்புகளே இருக்கின்றன. 17ஆம் நூற்றாண்டில் உளியைத் தொட்டே பார்க்காத படித்தவர்களும் இவற்றில் சேர ஆரம்பித்தார்கள். எலையாஸ் ஆஷ்மோல் என்ற ஆங்கிலேய அறிஞர் 1646 அக்டோபரில் வாரிங்டனில் தான் சேர்ந்ததை நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். மெல்ல மெல்லக் கல் வேலை பின்னுக்குப் போய், கல் வேலையின் கருவிகளை வைத்து ஒழுக்கம் சொல்லித் தரும் சங்கமாக அது மாறியது.

1717 ஜூன் 24 அன்று லண்டன் செயின்ட் பால் தேவாலயத்துக்கு அருகிலிருந்த மதுக்கடை ஒன்றில் நான்கு லாட்ஜுகள் கூடித் தங்களுக்குத் தலைமையாக முதல் கிராண்ட் லாட்ஜை அமைத்தன என்பது சங்கத்தின் மரபுவழி வரலாறு. 1723இல் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற பாதிரியார் தொகுத்த சட்டநூல் அச்சானது. மதத்தின் பேராலும் அரசுரிமையின் பேராலும் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு ஓய்ந்திருந்த நாடு அன்றைய இங்கிலாந்து. லாட்ஜுக்குள் மதச் சண்டையும் அரசியல் சண்டையும் கூடாது என்ற விதி அந்த அனுபவத்தில் பிறந்தது. இன்றும் அந்த விதி அப்படியே இருக்கிறது. தேர்தல் நேரத்தில்கூட லாட்ஜுக்குள் கட்சிப் பேச்சு எழக் கூடாது.

கிழக்கிந்தியக் கம்பெனியோடு கப்பலேறி வந்த இந்தச் சங்கம் 1730ஐ ஒட்டிக் கல்கத்தாவிலும், 1752இல் சென்னையிலும் கால் ஊன்றியது. ஆற்காடு நவாப் முகமது அலியின் மகன் உம்தத்-உல்-உமரா 1770களில் திருச்சிராப்பள்ளியில் சேர்ந்தார். பதிவுகளில் காணக்கிடைக்கும் முதல் இந்திய ஃப்ரீமேசன் அவர்தான். 1961 நவம்பர் 24 அன்று இந்திய கிராண்ட் லாட்ஜ் தனியாக உருவானது. ராம்பூர் நவாப் ரசா அலி கான் அதன் முதல் கிராண்ட் மாஸ்டர். தலைமையகம் புதுடெல்லி ஜன்பத்தில். நாடு நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. தென்மண்டலத்தின் மையம் சென்னை. புதிய அமைப்போடு சேராமல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து கிராண்ட் லாட்ஜுகளின் கீழேயே தொடரும் பழைய லாட்ஜுகளும் இந்தியாவில் உண்டு. இவை ஒன்றையொன்று ஏற்றுக்கொண்டவை. எதில் சேர்ந்தாலும் மற்றவற்றுக்கு விருந்தினராகப் போய்வரலாம்.

என்ன சொல்லித் தருகிறார்கள்

சகோதர அன்பு, துயர் துடைத்தல், உண்மை. சங்கம் தன் கொள்கைகளை இந்த மூன்றில் அடக்கிவிடுகிறது. இதைச் சொல்லாத சங்கம் எது என்று நீங்கள் கேட்கலாம். சொல்லித் தரும் முறையில்தான் இதன் தனித்தன்மை இருக்கிறது. சொற்பொழிவுக்குப் பதிலாக ஒரு கருவியைக் கையில் கொடுத்து, அது வாழ்க்கையில் எதைக் குறிக்கிறது என்று சடங்காக நடத்திக் காட்டுகிறார்கள். கொத்தனாரையும் கல்தச்சரையும் பார்த்து வளர்ந்த நம்மூர்க்காரருக்கு இந்தப் பாடம் எளிதில் பிடிபடும்.

புதிதாகச் சேர்பவருக்கு முதலில் காட்டும் கருவிகளில் ஒன்று 24 அங்குல அளவுகோல். 24 அங்குலம், நாளின் 24 மணி நேரம். அதில் ஒரு பகுதி இறைவனை நினைக்க, ஒரு பகுதி உழைக்கவும் ஓய்வெடுக்கவும், ஒரு பகுதி கஷ்டத்தில் இருக்கும் நண்பருக்கோ சகோதரருக்கோ உதவ. இந்தக் கடைசிப் பகுதிக்கு ஒரு நிபந்தனை உண்டு: அந்த உதவி உங்களுக்கோ உங்கள் குடும்பத்துக்கோ கேடாக முடியக் கூடாது. ஊருக்கு உழைக்கிறேன் என்று வீட்டைப் பட்டினி போடுகிறவரைப் பாராட்டும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. இந்தச் சங்கம் அதைக் குறையாகவே பார்க்கிறது. சேரும் முன்பும் சேர்ந்த பின்பும் நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு முடிவுக்கும் இந்த அளவுகோல் பயன்படும்.

அதோடு சுத்தியலும் உளியும். லாட்ஜின் கூடத்தில் இரண்டு கற்கள் வைத்திருப்பார்கள். ஒன்று பாறையிலிருந்து பெயர்த்து வந்தபடியே கரடுமுரடாக இருக்கும். மற்றது ஆறு பக்கமும் இழைத்து, விளிம்பில் விரல் வைத்தால் கீறும் அளவுக்குக் கூர்மையாகச் சதுரித்திருக்கும். சேர வருபவர் முதல் கல். இரண்டாவது கல்லாக மாறும் வேலையை அவருக்காக வேறு யாரும் செய்ய மாட்டார்கள். சுத்தியலை அவர் கையிலேயே கொடுத்துவிடுகிறார்கள்.

இரண்டாம் படியில் மூலைமட்டம், ரசமட்டம், தூக்குக்குண்டு மூன்றும் வருகின்றன. மூலைமட்டம் நடத்தையைச் சரிபார்க்க. ரசமட்டம் மனிதர் எல்லோரும் ஒரே மட்டத்தில் நிற்பவர்கள் என்று நினைவூட்ட. தூக்குக்குண்டு எந்தப் பக்கமும் சாயாமல் நேராக நிற்க. லாட்ஜை நடத்தும் மூவர் கழுத்தில் அணியும் பதக்கங்களும் இவையே. தலைவராக இருக்கும் மாஸ்டருக்கு மூலைமட்டம், சீனியர் வார்டனுக்கு ரசமட்டம், ஜூனியர் வார்டனுக்குத் தூக்குக்குண்டு.

ரசமட்டம் சொல்லும் சமத்துவம் கூடத்துக்குள் கண்ணால் காணக்கூடியது. வெளியே அலுவலக எழுத்தராக இருப்பவர் அந்த ஆண்டு மாஸ்டராக நாற்காலியில் இருந்தால், வெளியே நீதிபதியாக இருப்பவர் எழுந்து நின்று அவரை விளித்துவிட்டுத்தான் பேச வேண்டும். எல்லோரும் எல்லோருக்கும் ‘பிரதர்’.

துயர் துடைத்தலும் ஏட்டோடு நிற்பதில்லை. கூட்டத்தின் முடிவில் ஒரு பை சுற்றி வரும். மூடிய கையை உள்ளே விட்டுத் திறந்து எடுப்பார்கள். எவ்வளவு போட்டார் என்று பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. நோயுற்ற உறுப்பினரையும், இறந்துபோன உறுப்பினரின் மனைவியையும் போய்ப் பார்த்து, என்ன தேவை என்று அறிந்து வருவதற்கு ‘ஆல்மனர்’ என்ற பொறுப்பாளர் பல லாட்ஜுகளில் இருக்கிறார். இங்கிலாந்தில் 1788இலேயே உறுப்பினர்களின் பெண் பிள்ளைகளுக்காகப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார்கள். நம் பக்கத்தில் கோயம்புத்தூரின் மேசானிக் குழந்தைகள் மருத்துவமனை இந்தச் சங்கத்தார் உருவாக்கியது.

கொள்கை வழுவியதும் உண்டு

சேர நினைப்பவர் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகக் கூடாது. சமத்துவம் பேசிய சங்கம் சமத்துவத்தில் சறுக்கிய இடங்கள் அதன் வரலாற்றில் இருக்கின்றன.

1863இல் பிரசன்ன குமார் தத் என்ற வங்காள இந்து கல்கத்தாவில் சேர விண்ணப்பித்தார். பல தெய்வங்களை வணங்கும் இந்துவுக்கு ஒரே இறைவன் மீது நம்பிக்கை எப்படி இருக்கும் என்று அங்கிருந்த ஆங்கிலேய அதிகாரிகள் வாதிட்டுத் தடுத்தார்கள். தத் விடவில்லை. லண்டன் வரை எழுதினார். ஒன்பது ஆண்டு போராட்டத்துக்குப் பிறகு 1872இல் சேர்க்கப்பட்டார். அவர் திறந்துவிட்ட வழியில்தான் பின்னால் எத்தனையோ பேர் வந்தார்கள். 1884 பிப்ரவரியில் கல்கத்தாவின் ‘ஆங்கர் அண்டு ஹோப்’ லாட்ஜில் சேர்ந்த நரேந்திரநாத் தத் என்ற இளைஞரும் அவர்களில் ஒருவர். உலகம் அவரை விவேகானந்தராக அறியும். மோதிலால் நேருவும் ஃப்ரீமேசனாக இருந்தவர்.

அமெரிக்காவில் 1775இல் பிரின்ஸ் ஹாலும் அவரோடு 14 கறுப்பின ஆண்களும் பாஸ்டனில் இருந்த பிரிட்டிஷ் ராணுவ லாட்ஜ் ஒன்றின் மூலம் சேர்ந்தார்கள். வெள்ளையர் லாட்ஜுகள் அவர்களைச் சேர்த்துக்கொள்ளாததால் இங்கிலாந்திடமிருந்து 1784இல் தனி அனுமதி பெற்றார்கள். அவர் பெயரால் வளர்ந்த கிராண்ட் லாட்ஜுகளை வெள்ளையர் லாட்ஜுகள் ஏற்றுக்கொள்ள இருநூறு ஆண்டுகள் ஆயின.

லாகூரில் 1886இல் சேர்ந்த எழுத்தாளர் ரட்யார்ட் கிப்ளிங், இந்துவும் முஸ்லிமும் சீக்கியரும் யூதரும் ஒரே கூடத்தில் அமர்ந்ததை ஒரு கவிதையில் பெருமையோடு எழுதினார். அதே கவிதையில், ஒருவருடைய சாதி ஆசாரம் கெட்டுவிடுமோ என்ற அச்சத்தில் அங்கே விருந்து மட்டும் வைக்கவில்லை என்றும் சொல்கிறார். உங்கள் ஊர் லாட்ஜை எடைபோட இதைவிடச் சரியான சோதனை இல்லை. கூட்டம் முடிந்தபின் சாப்பாட்டு மேசையில் யார் யாரோடு உட்காருகிறார்கள், பெரிய பதவிக்காரர் தனியாக ஒரு மூலையில் சூழப்பட்டிருக்கிறாரா, புதியவரிடம் யாராவது வந்து பேசுகிறார்களா என்று கேட்டு அறியுங்கள். ரசமட்டம் கழுத்தில் மட்டும் தொங்குகிற லாட்ஜும் உண்டு. மேசையிலும் அது தெரிகிற லாட்ஜாகப் பார்த்துச் சேருங்கள்.

யார் சேரலாம்

இந்திய கிராண்ட் லாட்ஜின் கீழ் சேர 21 வயது நிறைந்த ஆணாக இருக்க வேண்டும். நல்ல பெயர் உள்ளவராக, தன் வருமானத்தில் குடும்பத்தைக் காப்பாற்றக்கூடியவராக இருக்க வேண்டும். சாதி, மொழி, தொழில் எதுவும் தடையில்லை.

கடவுள் நம்பிக்கை கட்டாயம். எந்தக் கடவுள், எந்த வழிபாடு என்று கேட்க மாட்டார்கள். பரம்பொருள் ஒன்று உண்டு என்று நம்புகிறீர்களா என்று மட்டுமே கேட்பார்கள். இந்திய லாட்ஜுகளின் பீடத்தில் பகவத் கீதை, குர்ஆன், பைபிள், குரு கிரந்த் சாஹிப், அவெஸ்தா எனப் பல மறைநூல்கள் அருகருகே இருக்கும். நீங்கள் உறுதிமொழி எடுப்பது உங்கள் மறைநூலின் மீது. நாத்திகர்கள் ஒப்புக்காக ‘நம்புகிறேன்’ என்று சொல்லிச் சேர வேண்டாம். பொய்யில் தொடங்கும் உறுதிமொழிக்கு உங்கள் மனமே மதிப்புக் கொடுக்காது.

பெண்களுக்கு இந்த லாட்ஜுகளில் இடமில்லை. ஆணும் பெண்ணும் சேர்ந்து இயங்கும் ‘லு த்ருவா உய்மேன்’ என்ற அமைப்பு 1893இல் பாரிஸில் தொடங்கியது. அன்னி பெசன்ட் 1902இல் அதில் சேர்ந்து இந்தியாவுக்கும் கொண்டுவந்தார். இங்கிலாந்தில் பெண்களுக்கென்றே தனி அமைப்புகளும் உண்டு. இந்திய கிராண்ட் லாட்ஜ் கலப்பு லாட்ஜுகளோடு கூடுவதில்லை. இந்த விலக்கு உங்களுக்கு உறுத்தலாக இருந்தால் அந்த உறுத்தலுக்கு மதிப்புக் கொடுத்து வேறு அமைப்பைப் பாருங்கள். மூன்று நூற்றாண்டு விதி நீங்கள் சேர்ந்த மறுநாள் மாறிவிடாது.

கத்தோலிக்கர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும். போப் 12ஆம் கிளமென்ட் 1738இல் விதித்த தடை வேறு வேறு வடிவங்களில் இன்றும் தொடர்கிறது. 1983 நவம்பரில் வத்திக்கான் வெளியிட்ட அறிவிப்பின்படி இதில் சேரும் கத்தோலிக்கர் நற்கருணை பெற முடியாது. 2023இலும் இதை உறுதி செய்தார்கள். இஸ்லாமிய அறிஞர்கள் பலரும் இதில் சேருவதை எதிர்த்திருக்கிறார்கள். உங்கள் மதப் பெரியவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். அரசுப் பணியில் இருப்பவர்கள் தங்கள் துறையின் நடத்தை விதிகளையும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

சேரும் வழி, படிப்படியாக

1. வீட்டில் பேசுங்கள். மாதத்தில் ஒன்றிரண்டு மாலைகள் வீட்டில் இருக்க மாட்டீர்கள், ஆண்டுக்கு ஒரு தொகை செலவாகும், சடங்கு சார்ந்த சில விஷயங்களைச் சொல்ல முடியாது. மூன்றையும் மனைவியிடம் சொல்லுங்கள். அவர் மனதார ஒப்புக்கொள்ளாவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பல லாட்ஜுகள் உங்கள் வீட்டுக்கே வந்து, ‘உங்களுக்குச் சம்மதமா அம்மா?’ என்று அவரையே நேரில் கேட்கும்.

2. ஆளைக் கண்டுபிடியுங்கள். மூலைமட்டமும் கவராயமும் பின்னிய சின்னத்தை மோதிரத்திலோ கோட்டுப் பின்னிலோ அணிந்தவர் உங்கள் வட்டத்தில் இருக்கலாம். நேரடியாகக் கேளுங்கள்: ‘சார், நீங்க மேசனா? எனக்கும் சேர விருப்பம்.’ இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை; அவர்கள் அந்தக் கேள்விக்காகத்தான் காத்திருப்பார்கள். தெரிந்தவர் யாரும் இல்லையென்றால் மண்டல அலுவலகத்துக்கு எழுதுங்கள்.

3. பழகுங்கள். உறுப்பினர் அல்லாதவர்களும் கலந்துகொள்ளும் குடும்ப நிகழ்ச்சிகள், மருத்துவ முகாம்கள் பல லாட்ஜுகளில் உண்டு. சில மாதங்கள் அவற்றுக்குப் போய்வாருங்கள். ஒரே ஊரில் பல லாட்ஜுகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் இருக்கும். கூடும் நாள், உறுப்பினர்களின் வயது, செலவு எல்லாம் மாறும். முதலில் கிடைத்ததிலேயே சேர்ந்துவிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

4. விண்ணப்பம். உங்களை நன்கு அறிந்த ஒருவர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும். பண ஆதாயத்துக்காகவோ வேறு தகாத நோக்கத்துக்காகவோ வரவில்லை, யாருடைய வற்புறுத்தலும் இல்லை என்று நீங்கள் கையெழுத்திட்டுத் தர வேண்டியிருக்கும். அந்த வரியைப் படித்துவிட்டு ஒரு நாள் தள்ளிக் கையெழுத்திடுங்கள். கான்ட்ராக்ட், பதவி உயர்வு, பெரிய மனிதர் பழக்கம் ஏதாவது மனதின் ஓரத்தில் இருந்தால் அந்த ஒரு நாளில் தெரிந்துவிடும்.

5. விசாரணை. சிலர் அமர்ந்து உங்களோடு பேசுவார்கள். ஏன் சேர வேண்டும், கடவுள் நம்பிக்கை உண்டா, செலவைத் தாங்க முடியுமா, குற்ற வழக்கு ஏதும் உண்டா என்று கேட்பார்கள். நீங்களும் கேட்க வேண்டும். ஆண்டுக்கு எத்தனை கூட்டம்? கடந்த ஆண்டு என்ன உதவி செய்தீர்கள்? புதியவருக்கு வழிகாட்ட யார் இருக்கிறார்கள்? பதில் மழுப்பலாக வந்தால் எச்சரிக்கையாக இருங்கள்.

6. வாக்கெடுப்பு. உங்கள் பெயர் முன்கூட்டியே உறுப்பினர்களுக்குச் சுற்றறிக்கையில் போகும். பிறகு ரகசிய வாக்கெடுப்பு. வெள்ளை உருண்டை சம்மதம், கறுப்பு உருண்டை மறுப்பு. சில கறுப்பு உருண்டைகளே, சில லாட்ஜுகளில் ஒன்றே, விண்ணப்பத்தை நிராகரிக்கப் போதும். பெரும்பான்மை பார்க்காமல் இவ்வளவு கடுமையாக வைத்ததற்குக் காரணம் உண்டு: சகோதரர் என்று ஒருமுறை அழைத்துவிட்டால் அந்தக் கூடத்தில் இருக்கும் ஒவ்வொருவரும் உங்களோடு முகம் கொடுத்துப் பழகியாக வேண்டும்.

7. சேர்க்கும் சடங்கு. குறித்த மாலையில் கறுப்பு அல்லது கருநீல உடையில் போங்கள். கதவுக்கு வெளியே உருவிய வாளோடு ‘டைலர்’ என்ற காவலர் நிற்பார். பயந்துவிட வேண்டாம், வாசல் காப்பது அவருடைய பழைய பொறுப்பு. உள்ளே கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட தளம், கிழக்கிலும் மேற்கிலும் தெற்கிலும் மூன்று நாற்காலிகள். உறுதிமொழிக்கு முன்பே, இதில் உங்கள் மதக் கடமைக்கோ நாட்டுக் கடமைக்கோ முரணான எதுவும் இல்லை என்று உங்களிடம் சொல்வார்கள். வெள்ளை ஆட்டுத்தோல் ஏப்ரனை அன்று கட்டிவிடுவார்கள். சடங்கின் முழு உரையும் அச்சிலும் இணையத்திலும் கிடைக்கத்தான் செய்கிறது. தயவுசெய்து முன்கூட்டியே படித்துவிட்டுப் போகாதீர்கள். வாழ்நாளில் ஒரே ஒருமுறை கிடைக்கும் அனுபவம் அது. அடுத்து என்ன என்று தெரியாமல் நிற்பவருக்குத்தான் அதன் பாடம் மனதில் இறங்கும்.

இது முதல் படி, பயிலுநர் நிலை. அடுத்தது தொழில் பழகியவர், மூன்றாவது மாஸ்டர் மேசன். படிகளுக்கு இடையே சில வாரங்களோ மாதங்களோ ஆகும். ஒவ்வொரு படிக்கும் முன் சில கேள்வி பதில்களை மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். வாய்ப்பாடமாகக் கற்றுக்கொடுக்கும் பழக்கம் இன்னும் உயிரோடு இருக்கும் இடங்களில் இதுவும் ஒன்று. நினைவாற்றல் குறைவு என்று தயங்காதீர்கள். மூத்தவர் ஒருவர் பக்கத்தில் அமர்ந்து சொல்லித் தருவார்.

செலவு

சேர்க்கைக் கட்டணம், ஆண்டுச் சந்தா, கூட்டத்துக்குப் பிந்தைய விருந்துச் செலவு, உடை, ஏப்ரன், நன்கொடை என்று செலவு பல தலைப்புகளில் வரும். லாட்ஜுக்கு லாட்ஜ் தொகை மாறும். முன்மொழிபவரிடம், ‘முதல் ஆண்டில் மொத்தம் எவ்வளவு ஆகும்?’ என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுச் செலவும் பிள்ளைகளின் படிப்புச் செலவும் போக மிஞ்சியதில் இது அடங்க வேண்டும். நன்கொடையும் அப்படியே, உங்களால் இயன்றதைக் கொடுத்தால் போதும், கடன் வாங்கிக் கொடுப்பதை யாரும் எதிர்பார்க்கக் கூடாது. கட்டாயப்படுத்தும் லாட்ஜ் தன் அளவுகோலையே மறந்துவிட்டது.

வதந்தியும் போலிகளும்

தமிழில் ‘இலுமினாட்டி’ என்று ஒரு சொல் கடந்த சில ஆண்டுகளாக எல்லாவற்றுக்கும் ஒட்டப்படுகிறது. அந்தப் பெயரில் உண்மையில் இருந்தது, ஜெர்மனியின் பவேரியாவில் ஆடம் வைஸ்ஹாப்ட் என்ற பேராசிரியர் 1776 மே 1 அன்று தொடங்கிய ஒரு ரகசியக் குழு. 1784–85இல் பவேரிய அரசு தடைவிதித்ததோடு அது சிதைந்துவிட்டது. ஃப்ரீமேசன்களுக்கு முகவரி உண்டு, பெயர்ப் பலகை உண்டு, இணையதளம் உண்டு. அவர்கள் மறைத்து வைப்பது ஒருவரையொருவர் அடையாளம் காணும் சைகைகளையும் சொற்களையும், சடங்கின் நடைமுறையையும்தான்.

வதந்தியைவிட ஆபத்தானவர்கள் அதை வைத்துப் பணம் பறிப்பவர்கள். ‘எங்களோடு சேருங்கள், பணமும் புகழும் தேடி வரும், பதிவுக் கட்டணம் மட்டும் அனுப்புங்கள்’ என்று வாட்ஸ்அப்பிலும் முகநூலிலும் செய்தி வந்தால் அது மோசடி. உண்மையான லாட்ஜ் முகம் பார்க்காமல் யாரையும் சேர்க்காது, செல்வம் தருவதாக வாக்குக் கொடுக்காது, வாக்கெடுப்புக்கு முன் தனி நபர் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொல்லாது. ஒரு லாட்ஜின் பெயர் சந்தேகமாக இருந்தால், அது எந்த கிராண்ட் லாட்ஜின் கீழ் இருக்கிறது, அதன் எண் என்ன என்று கேட்டு மண்டல அலுவலகத்தில் சரிபாருங்கள்.

முதல் ஆண்டில் செய்ய வேண்டியவை

ஒரு கூட்டத்தையும் தவறவிடாதீர்கள். முதல் சில கூட்டங்களில் பாதிக்குமேல் புரியாது. மூன்றாம் நான்காம் முறை கேட்கும்போதுதான் சொற்கள் திறக்க ஆரம்பிக்கும். விருந்தில் பரிமாறவும் நாற்காலி ஒழுங்குபடுத்தவும் முன்வாருங்கள். மாஸ்டர் நாற்காலிக்குப் போகும் பாதை அங்கேதான் தொடங்குகிறது. பரிமாறுபவர், உள்வாசல் காவலர், இரண்டு டீக்கன்கள், இரண்டு வார்டன்கள் என்று ஆண்டுக்கு ஒரு படியாக ஏறித்தான் அந்த இடத்துக்கு வர முடியும். மாஸ்டராக இருந்து முடித்தவர் மறு ஆண்டே நாற்காலியை அடுத்தவருக்கு விட்டு இறங்குவார். தலைமை ஏற்கவும், அதைவிடக் கடினமான இறங்குவதற்கும் இது நல்ல பயிற்சி.

உறுப்பினர்களிடம் உங்கள் வியாபாரத்தைப் பற்றி நீங்களாகப் பேச்செடுக்காதீர்கள். விசிட்டிங் கார்டு நீட்டும் புதியவரை எல்லோரும் கவனிப்பார்கள், மறக்கவும் மாட்டார்கள். உடம்பு முடியாத உறுப்பினர் யார் என்று ஆல்மனரிடம் கேட்டு அவரோடு ஒருமுறை போய்ப் பாருங்கள். சடங்கில் கேட்டது என்ன என்பது அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசும்போது இன்னும் தெளிவாகப் புரியும்.

ஆண்டு முடிவில் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். கோபம், பேச்சு, பணம் இவற்றில் ஏதாவது ஒன்றிலாவது நான் மாறியிருக்கிறேனா? என்னிடமிருந்து வேறுபட்ட மதமோ சாதியோ தொழிலோ கொண்ட ஒருவராவது எனக்கு நெருங்கிய நண்பராகியிருக்கிறாரா? நான் லாட்ஜுக்குப் போவதால் வீட்டில் யாருக்காவது குறை இருக்கிறதா? மூன்றாவது கேள்விக்கான பதிலை வீட்டாரிடமே கேட்டு எழுத வேண்டும்.

பதில்கள் சரியில்லை என்றால் விலகலாம். இதில் அவமானம் இல்லை, தடையும் இல்லை. பாக்கிச் சந்தாவைக் கட்டிவிட்டுச் செயலாளருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். நிலுவை இல்லை என்ற சான்றிதழை வாங்கிக்கொள்ளுங்கள், பின்னாளில் மனம் மாறினால் வேறு லாட்ஜில் சேர அது உதவும். பதில்கள் சரியாக இருந்தால், வரும் ஆண்டுக்கு எனக்கும் ஒரு பொறுப்புக் கொடுங்கள் என்று மாஸ்டரிடம் கேளுங்கள். சேர்வதற்குக் கேட்டதைப் போலவே உழைப்பதற்கும் நீங்களாகத்தான் கேட்க வேண்டும்.